ஊருக்குள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் தொடர்பாதை: நகராட்சியிடம் கேட்டு வாங்குவது எப்படி?

'நடைபாதை போட்டுத் தாருங்கள்' என்று நகராட்சிக்கு மனு கொடுத்தால், பெரும்பாலும் கிடைப்பது பூங்காவுக்குள் ஒரு வட்டம். இப்போதைய வழக்கப்படி எட்டு வடிவத்தில் ஒரு நடைப்பயிற்சித் தளம். காலையில் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, நாலு சுற்று நடந்துவிட்டு, திரும்ப ஸ்கூட்டரில் போகலாம். வீட்டிலிருந்து பள்ளிக்கோ உழவர் சந்தைக்கோ ரயில் நிலையத்துக்கோ நடந்து போக அது உதவாது.

அப்படிப் போக உதவும் தொடர்பாதைதான் இந்தக் கட்டுரையின் விஷயம். டெல்டாவில் ஒரு நடுத்தர நகராட்சியில் இதற்காக அலைந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். வேறு மாவட்டத்துக்காரர்களுக்கு வாய்க்காலுக்குப் பதில் ஏரிக்கரையோ ஓடையோ இருக்கும்; ஆவணங்களும் அலுவலகங்களும் ஏறக்குறைய இவைதான்.

1. முதலில் சைக்கிள் ஓட்டுகிறவர்களைப் பாருங்கள்

வரைபடத்தில் கோடு போடுவதற்கு முன், காலை எட்டு முதல் ஒன்பது வரை அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் வழியில் நில்லுங்கள். அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டிகளில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் எந்தத் தெரு வழியாக வருகிறார்கள், எங்கே இறங்கித் தள்ளுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்குப் பேருந்து நிலைய வாசலில் இதே வேலை. கட்டட வேலைக்கும் மில்லுக்கும் போகிறவர்கள், பால்காரர், பூக்கட்டும் பெண்கள் ஆகியோர்தான் ஊரின் உண்மையான பாதசாரிகள். ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் போட்டுக்கொண்டு கிளம்பும் சைக்கிள் குழுவைக் கேட்டுப் பாதை போட்டால், பாதை பைபாஸ் பக்கம் போய்விடும்.

எண்ணிக்கையைத் தாளில் எழுதி, தேதி, நேரம், இடம் போட்டு வையுங்கள். 'நிறையப் பேர் போகிறார்கள்' என்று சொன்னால் இன்ஜினியர் தலையாட்டுவார். தாளை நீட்டினால் உட்காரச் சொல்வார்.

2. நிலம் யாருடையது என்று பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்

பாதி முயற்சிகள் செத்துப்போவது இந்த இடத்தில்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஊருக்குள் மூன்று கிலோமீட்டர் நடந்தால், காலுக்குக் கீழே இருக்கும் நிலம் நான்கைந்து துறைகளுக்குச் சொந்தமாக இருக்கும். தெரு நகராட்சியுடையது. கடைவீதி பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. வாய்க்கால் கரை நீர்வளத் துறையுடையது. தண்டவாளத்தை ஒட்டிய மண் ரயில்வேயுடையது. பைபாஸும் அதன் சர்வீஸ் ரோடும் பெரும்பாலும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது. தன் பெயரில் இல்லாத நிலத்தில் நகராட்சி ஒரு பேவர் பிளாக்கூடப் பதிக்காது. பதித்தால் தணிக்கையில் கேள்வி வரும் என்ற பயம் அவர்களுக்கு, நியாயமான பயம்தான்.

எடுக்க வேண்டியவை:

நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் புல வரைபடம் (எஃப்.எம்.பி.), நிலம் என்ன வகை, யாருடையது என்று சொல்லும் அ-பதிவேடு. இரண்டும் தமிழக அரசின் இ-சேவை நிலப்பதிவுத் தளத்தில் சர்வே எண் கொடுத்தால் இலவசமாகக் கிடைக்கும். எல்லா எண்ணுக்கும் கிடைத்துவிடாது, கிடைக்காததை வி.ஏ.ஓ.விடமோ தாலுகா அலுவலகத்திலோ கேட்க வேண்டும். நகருக்குள் பழைய பகுதிகளுக்கு டவுன் சர்வே எண் இருக்கும், அங்கே டி.எஸ்.எல்.ஆர். (நகர நில அளவைப் பதிவேடு) நகல் வாங்க வேண்டும். பின்னால் நகராட்சியோடு சேர்ந்த விரிவாக்கப் பகுதிகளில் பழைய கிராம சர்வே எண்ணே ஓடிக்கொண்டிருக்கும். ஒரே தெருவில் பாதி அப்படி, பாதி இப்படி இருந்தால் குழம்ப வேண்டாம்.

அ-பதிவேட்டில் குறிப்புப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். 'வாய்க்கால் புறம்போக்கு', 'ஏரி புறம்போக்கு', 'ஓடை' என்றெல்லாம் இருக்கும். நீங்கள் தேட வேண்டியது 'வண்டிப்பாதை'. மாட்டுவண்டிக் காலத்துப் பாதைகள் பல இன்று முள்ளும் குப்பையுமாக மூடிக்கிடக்கின்றன, ஆனால் பதிவேட்டில் இன்னும் பொதுப்பாதையாகவே இருக்கின்றன. இரண்டு குடியிருப்பு நகர்களுக்கு நடுவே மதில்களுக்கு இடையில் சந்து மாதிரி ஓடும் அப்படி ஒரு கீற்று கிடைத்தால், முக்கிய சாலையில் சுற்றிப் போகும் தூரம் பாதியாகக் குறையும். ஆர்ஜிதம் வேண்டாம், அளந்து கல் ஊன்றினால் போதும். அளக்க நில அளவைப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டியது நகராட்சி. நீங்கள் சர்வே எண்ணோடு கடிதம் கொடுத்துத் துரத்த வேண்டும்.

அடுத்து, நகராட்சியின் சாலைப் பதிவேடு. ஒவ்வொரு தெருவின் நீளம், அகலம், தரை வகை அதில் இருக்கும். கேட்டால் எடுத்துத் தர மாட்டார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில், பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி மனு போடுங்கள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 'ஏன் நடைபாதை இல்லை?' என்று கேட்காதீர்கள். 'தகவல் இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 'இந்தச் சாலையின் பதிவேட்டு நகல்', 'கடந்த மூன்று ஆண்டுகளில் போட்ட பேவர் பிளாக் வேலைகளின் மதிப்பீட்டு நகல்' என்று, இருக்கும் காகிதத்தைக் கேளுங்கள். இரண்டாவது நகல் ஐந்தாம் படியில் செலவு போட உதவும்.

எல்லாம் கையில் வந்ததும் ஒரு அட்டவணை போடுங்கள்: பாதைத் துண்டு, சர்வே எண், நீளம், அகலம், நிலம் யாருடையது, தடையின்மைச் சான்று யாரிடம் வாங்க வேண்டும். அழகான வண்ண வரைபடத்தைவிட இந்த ஒரு தாள்தான் கமிஷனர் மேசையில் வேலை செய்யும்.

3. அறுந்த இடங்களைப் பட்டியலிடுங்கள்

வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், கியூஜிஐஎஸ் இரண்டும் இலவசம். கணினி வராதவர்கள் கூகுள் மை மேப்ஸில் கோடு போட்டாலே போதும். பாதைகளைப் பச்சையில் போட்டபின், அவை எங்கே அறுபடுகின்றன என்று சிவப்பில் குறியுங்கள். ஊரில் நடக்கவே முடியாத தூரம் என்று பார்த்தால் மொத்தமாக சில நூறு மீட்டர்தான் வரும். ஆனால் அந்தச் சில நூறு மீட்டருக்குப் பயந்துதான் பெற்றோர் பிள்ளையை வண்டியில் கொண்டுபோய் விடுகிறார்கள்.

எங்கள் ஊரில் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு வாய்க்கால் பாலம். கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம். பாலத்தின் விளிம்போடு குடிநீர்க் குழாய் ஒன்று தரைக்கு மேலே ஓடுகிறது. பஸ் வரும்போது பிள்ளைகள் சைக்கிளைத் தூக்கிக் குழாய்க்கு அந்தப் பக்கம் வைத்து, சுவரை ஒட்டி ஒதுங்கி நிற்பார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நல்ல அகலமான சாலை. இரண்டு பக்கமும் பேவர் பிளாக் போட்டு என்ன பயன்?

வழக்கமாக அறுபடும் இடங்கள்: பாலங்கள், நடைபாதை மேலேயே நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர், ரயில்வே கேட், மழையில் நிரம்பும் ரயில்வே சுரங்கப்பாதை, பைபாஸைக் கடக்கும் இடம், மூடியில்லாத சாக்கடை. இவற்றில் ரயில்வே தொடர்பானவற்றை முதல் கட்டத்தில் வைக்காதீர்கள். கோட்ட அலுவலகம் வரை போய் வர வேண்டும், காலக்கெடு யார் கையிலும் இல்லை. சுரங்கப்பாதை ஏற்கெனவே இருந்தால், அதன் ஓரத்தில் உயர்த்திய நடைமேடை ஒன்றை மட்டும் கேளுங்கள்.

4. அகலம், உயரம்: மனுவில் இருக்க வேண்டிய அளவுகள்

இன்ஜினியர்கள் மதிப்பது ஐ.ஆர்.சி. விதிகளை, அதாவது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வெளியிடும் தரங்களை. பாதசாரி வசதிகளுக்கு ஐ.ஆர்.சி. 103, சைக்கிள் பாதைக்கு ஐ.ஆர்.சி. 11. இந்த எண்களை மனுவில் எழுதுங்கள்.

நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், தலைக்கு மேல் 2.2 மீட்டர் காலி. 'தடையில்லாத' என்பதை அடிக்கோடிடுங்கள், 1.8 மீட்டருக்கு நடுவில் கம்பம் நின்றால் அது 1.8 ஆகாது. விளிம்புக்கல் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முதியவர்கள் ஏற மாட்டார்கள், சாலையிலேயே நடப்பார்கள். சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்று, அதாவது ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நீளம். எதிரெதிராக சைக்கிள் போக வேண்டுமென்றால் 3 மீட்டராவது வேண்டும்.

எல்லா இடத்திலும் தனி சைக்கிள் பாதை கேட்காதீர்கள். உள்தெருக்களில் அது தேவையே இல்லை. வேகத்தடையும் ஒருவழி மாற்றமும் போதும். தனிப்பாதை வேண்டியது பஸ்ஸும் லாரியும் ஓடும் சாலையில் மட்டும். கேட்கும் தூரத்தைக் குறைத்தால், கிடைக்கும் தூரம் கூடும்.

பேவர் பிளாக் கனம் ஆள் நடக்க 60 மில்லிமீட்டர், வண்டி ஏறும் இடத்தில் 80. வீட்டு வாசல்களில் கார் ஏறி இறங்கும் இடத்திலும் 60-ஐப் போட்டுவிட்டு அடுத்த மழைக்குள் பள்ளமாவதைப் பல ஊர்களில் பார்க்கலாம். கார் நுழையாமல் தடுக்கும் சிறு தூண்களுக்கு இடையே சக்கர நாற்காலி போகும் அளவுக்கு இடம் விடச் சொல்லுங்கள். பைக்கும் நுழையத்தான் செய்யும். தூண்களை நெருக்கி பைக்கை நிறுத்தப் பார்த்தால், முதலில் நிற்பது சக்கர நாற்காலிதான்.

வாய்க்கால் கரைக்குத் தனி விதி. தூர் வார நீர்வளத் துறையின் பொக்லைன் அந்தக் கரை மேல்தான் வர வேண்டும். அதனால் நிரந்தரத் தூண், கான்கிரீட் சுவர், இருக்கை என்று கேட்டால் சான்று கிடைக்காது. கழற்றி மாட்டும் தூண், சாவி துறையிடம், கரையின் உட்சரிவில் எதுவும் கட்டப்படாது, கரை உயரம் மாறாது என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை சுலபமாகும்.

5. செலவு: நீங்களே ஒரு தோராயம் போடுங்கள்

ஒரு கிலோமீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் என்றால் 2,000 சதுர மீட்டர். இரு பக்கமும் விளிம்புக்கல் 2,000 மீட்டர். தகவல் உரிமையில் வாங்கிய பழைய மதிப்பீட்டில் சதுர மீட்டருக்கு என்ன விலை என்று இருக்கும். பொதுப்பணித் துறை விலைப்பட்டியல் ஆண்டுதோறும் மாறுவதால் கொஞ்சம் கூட்டிப் பெருக்குங்கள். மேலே ஜி.எஸ்.டி. 18 சதவீதம்.

இதில் எல்லாரும் விட்டுவிடுவது கம்பம் மாற்றும் செலவு. மின்கம்பமோ டிரான்ஸ்ஃபார்மரோ நகர வேண்டுமென்றால், மின்வாரியம் தனி மதிப்பீடு போடும், நகராட்சி அந்தப் பணத்தை முன்னதாகக் கட்ட வேண்டும், அதன் பிறகே ஆள் வருவார்கள். மதிப்பீட்டில் இந்த வரி இல்லாவிட்டால், கம்பம் நடைபாதை நடுவில் அப்படியே நிற்க, அதைச் சுற்றி பேவர் பிளாக் வெட்டிப் பதிப்பார்கள். உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள்.

மரம் குறுக்கிட்டால் வெட்டச் சொல்லாதீர்கள். அரசு நிலத்து மரத்துக்கு மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். நிழல் போன பாதையில் ஏப்ரல் மாதம் யாரும் நடக்கவும் மாட்டார்கள். பாதையை வளைத்துப் போகச் சொல்லுங்கள்.

6. பணம் எங்கிருந்து?

நகராட்சிப் பொதுநிதியை மட்டும் நம்பினால் சம்பளத்துக்கும் குடிநீருக்கும் போக மிச்சமில்லை என்பார்கள். துண்டு துண்டாகப் பிரித்து வேறு வேறு கணக்கில் கேட்பதே நடைமுறை.

நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று. 9 லட்சம் ரூபாய் வேலைக்கு நீங்கள் 3 லட்சம் திரட்டினால் மீதி அரசு தரும். நகைக்கடை, ரோட்டரி, பள்ளியின் பழைய மாணவர்கள் என்று கேட்கலாம். பாலத்தோடு ஒட்டி நடைப்பாலம் மாதிரி, ஒரே இடத்தில் முடிகிற சின்ன வேலைக்கு இது பொருத்தம். எம்.எல்.ஏ. தொகுதி நிதி, எம்.பி. நிதி இரண்டுக்கும் ஒரே பக்கக் கோரிக்கையும் தோராய மதிப்பீடும் போதும்; ஆண்டுத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள், பிற்பாதியில் நிதி ஒதுக்கி முடிந்திருக்கும். நெடுஞ்சாலைத் துறைச் சாலையில் வரும் துண்டுக்கு நகராட்சியைச் செலவு செய்யச் சொல்ல வேண்டாம். அந்தச் சாலை அடுத்து எப்போது அகலப்படுத்தப்படும் என்று கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டு, அந்த மதிப்பீட்டிலேயே நடைபாதையைச் சேர்க்க வையுங்கள்.

சென்னை பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தின் படத்தைக் கவுன்சிலர்களிடம் காட்டாதீர்கள் என்பது என் யோசனை. 'ஸ்மார்ட் சிட்டி பணம், நம்மகிட்ட ஏதுங்க' என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கோவை வாலாங்குளம், பெரியகுளக் கரைகளும் அப்படித்தான். காட்ட வேண்டியது, சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்றுக்கொண்ட மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கையை. போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்று அது சொல்கிறது. உங்கள் மன்றம் 10 சதவீதம் என்று தீர்மானம் போட்டாலே பெரிய விஷயம்.

7. மனுவும் தீர்மானமும்

கலெக்டர் அலுவலகத் திங்கள்கிழமை மனுவும் முதல்வரின் உதவி மையத்து 1100 எண்ணும் உடைந்த மூடியை மாற்றப் பயன்படும். வலைப்பின்னல் மாதிரி பெரிய திட்டத்துக்கு மன்றத் தீர்மானம்தான் வேண்டும். 2022-இல் வந்த வார்டு கமிட்டி, ஏரியா சபை விதிகளின்படி உங்கள் கவுன்சிலர் தலைமையில் ஏரியா சபை, அதாவது வார்டின் ஒரு பகுதி மக்களின் கூட்டம், கூட வேண்டும். அங்கே கோரிக்கையை வைத்து, கூட்டக் குறிப்பில் ஏற்றி, நகல் வாங்குங்கள். பாதை நான்கு வார்டுகளைத் தொட்டால் நான்கிலும் செய்யுங்கள். ஒரு கவுன்சிலர் மட்டும் கேட்டால் 'அவர் வார்டு வேலை' ஆகிவிடும். மன்றத்தில் மற்றவர்கள் கை தூக்க மாட்டார்கள்.

மனுவோடு இணைக்க வேண்டியவை: இரண்டாம் படியின் அட்டவணை, ஒரு பக்க வரைபடம், அறுந்த இடங்களின் புகைப்படம், எண்ணிக்கைத் தாள், ஏரியா சபைக் குறிப்புகள். கூடவே ஒரு பத்தியில் 2025 மே மாத உச்ச நீதிமன்ற உத்தரவைக் குறிப்பிடுங்கள். பாதசாரிகளுக்கு நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கிய உரிமை என்று நீதிமன்றம் சொன்னது, கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில். நம் மாநிலத்துக்காரர் போட்ட வழக்கு என்றால் மன்றத்தில் காது கொடுத்துக் கேட்பார்கள். மிரட்டும் தொனியில் மட்டும் எழுத வேண்டாம்.

கொடுக்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் தபால் பிரிவில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். 'ஐயா கையில கொடுத்துட்டேன்' என்பது மாற்றலாகிப்போகும் ஐயாவோடு போய்விடும்.

8. எப்போது என்ன செய்வது

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பட்ஜெட்டில் ஒரு வரி வர வேண்டுமென்றால் நவம்பருக்குள் மனு போயிருக்க வேண்டும். அதற்கு ஜூன், ஜூலையிலேயே எண்ணிக்கையும் நில ஆவணமும் தயாராக வேண்டும். தீர்மானத்துக்குப் பின் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர். டெண்டர் அறிவிப்புக்கு 2 கோடி ரூபாய் வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள்.

டெல்டாக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். வாய்க்கால் கரை வேலைக்குக் கிடைப்பது பிப்ரவரி முதல் மே வரை. மார்ச்சில் டெண்டர் முடிந்து, மே கடைசியில் ஒப்பந்ததாரர் ஆள் இறக்கினால், அந்த ஆண்டு அவ்வளவுதான். டெண்டர் ஜனவரிக்குள் முடிகிற மாதிரி முன்னாலேயே நெருக்குங்கள். தேர்தல் அறிவித்துவிட்டால் நடத்தை விதியால் புது வேலை எதுவும் தொடங்காது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2022 பிப்ரவரியில், பதவிக்காலம் ஐந்து ஆண்டு, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மொத்தத்தில் முதல் துண்டு தரையில் தெரிய ஒன்றரை ஆண்டாவது ஆகும்.

9. தள்ளுவண்டிக்காரர்களை எதிரியாக்காதீர்கள்

நடைபாதை என்றதும் 'முதலில் கடைகளைக் காலி பண்ணுங்க' என்று சிலர் கிளம்புவார்கள். 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அகற்ற முடியாது. நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். அந்தக் குழுவில் இருக்கும் வியாபாரி பிரதிநிதியை முதலிலேயே போய்ப் பாருங்கள். 1.8 மீட்டர் நடக்க, அதை ஒட்டி ஒரு பட்டை கடைகளுக்கு என்று வரைந்து காட்டினால் ஆதரவுக் கையெழுத்தே போடுவார்கள். இரவு எட்டு மணிக்கு ஒரு பெண் அந்தப் பாதையில் தைரியமாக நடப்பது, பூக்கடையில் பல்பு எரிவதால்தான்.

உண்மையான எதிர்ப்பு வேறு பக்கமிருந்து வரும்: வாசலில் சாய்தளத்தை ஒன்றரை மீட்டர் தெருவுக்குள் இழுத்துக் கட்டியிருக்கும் வீட்டுக்காரர்கள். அவர்களிடம் நீங்கள் சண்டைக்குப் போக வேண்டாம். அளவுக்கல் ஊன்றும் நாளில் நில அளவையரும் நகராட்சி ஊழியரும் பேசிக்கொள்ளட்டும்.

10. வேலை நடக்கும்போது

பணி ஆணை நகலையும் மதிப்பீட்டு நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடித்தளம் போடும் நாளிலும் கல் பதிக்கும் நாளிலும் போய்ப் பாருங்கள். டேப் பிடித்து அகலத்தை அளந்து, அன்றே தேதியோடு புகைப்படம் எடுத்து உதவிப் பொறியாளருக்கு அனுப்புங்கள். முடிந்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தில் ஏறிய பிறகு சொல்லிப் பயனில்லை. மார்ச் கடைசியில் பில் போட அவசரப்படுவார்கள், அந்த வாரம் கூடுதலாகவே பாருங்கள்.

முடிந்த கையோடு குடிநீர்க் குழாய்க்கோ கேபிளுக்கோ தோண்டுவார்கள். தோண்டியவர் பழையபடி பதித்துத் தர வேண்டும் என்பதைச் சாலை வெட்டு அனுமதியிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் குறைபாடு நீக்கும் காலம் என்று ஒன்று இருக்கும், அதற்குள் வரும் பழுதை ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டும். அது முடிகிற தேதியை நாட்காட்டியில் குறித்து, அதற்கு ஒரு மாதம் முன்பு பாதை முழுக்க நடந்து, ஆடும் கல், தேங்கும் தண்ணீர், உடைந்த விளிம்பு எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள். ஒப்பந்ததாரரின் வைப்புத்தொகை நகராட்சியிடம் இருக்கும் வரைதான் அவர் போன் எடுப்பார்.